பசிக்காகப் பாடியவர்கள்: தாது வருஷத்துச் சித்தூரிலிருந்து லைவ் எய்டைப் பார்த்தல்

1. கேள்வி

1985 ஜூலை 13, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நண்பகல் 12 மணிக்கு, நம் நேரப்படி மாலை நாலரைக்கு, ‘லைவ் எய்ட்’ என்ற ராக் இசைக் கச்சேரி தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் எஃப். கென்னடி மைதானத்திலும் மேடை திறந்தது. இரண்டும் சேர்ந்து 16 மணி நேரம் ஓடின. வெம்ப்ளியில் 72,000 பேர் கூடியிருந்தார்கள். பிலடெல்பியாவில் ஏறக்குறைய 90,000 பேர். செயற்கைக்கோள் வழியாக 150 நாடுகளில் 190 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது ஏற்பாட்டாளர்களின் மதிப்பீடு. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டுவதே நோக்கம்.

நாற்பது ஆண்டுகளாக இந்தக் கச்சேரியைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது இரண்டு குரல்கள் மாறிமாறிக் கேட்கின்றன. மனித குலம் ஒரு நாள் ஒரே குடும்பமாக இருந்தது என்பது ஒன்று. வெள்ளைக்கார நட்சத்திரங்கள் ஆப்பிரிக்காவின் பசியைத் தங்கள் புகழுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. கொடுத்தவர்களின் மனம் எப்படிப்பட்டது என்பதைச் சுற்றியே இரண்டு வாதங்களும் நிற்கின்றன. வாங்கியவர்களின் இடத்திலிருந்து கேள்வி கேட்டால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. அந்த இடம் நமக்கு அந்நியமானதல்ல. சித்தூரும் திருப்பதியும் அடங்கிய நிலப்பகுதி ஒரு காலத்தில் இதே லண்டன் நகரத்தின் தருமத்தை வாங்கிய பகுதி. பின்னால் தன் கலைஞர்களைக் கொண்டு தானே நிதி திரட்டிப் பழகிய பகுதி. கேமராவும் மேடையும் சேர்ந்து பசிக்கு நிதி திரட்டும்போது, அந்தப் பணத்தின் மீது பசித்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது? இதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தாது வருஷமும் லண்டன் நிதியும்

சித்தூர் மாவட்டம் உருவானது 1911-இல். அதற்கு முன் சித்தூர் நகரம் வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதி அந்த மாவட்டத்தின் சந்திரகிரி தாலுகாவில் இருந்தது. மதனப்பள்ளி, வாயல்பாடு பக்கமெல்லாம் கடப்பை மாவட்டம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சம், தமிழில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று இன்றும் பெயர் சொல்லப்படும் பஞ்சம், இந்த இரண்டு மாவட்டங்களையும் கடுமையாகத் தாக்கியது. தென்னிந்தியா முழுவதும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

தானியம் கொண்டுவர வழியில்லாமல் நேர்ந்த பஞ்சமல்ல இது. சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் இருப்புப்பாதை ரேணிகுண்டா வழியாக 1871-லேயே முழுமை பெற்றுவிட்டது. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போய்க்கொண்டுதான் இருந்தது. ரயிலில் தானியம் வந்தது. அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை. அமர்த்திய சென் 1981-இல் ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் முன்வைத்த வாதத்தின் மையம் இதுதான்: உணவு இல்லாததால் மட்டும் மக்கள் சாவதில்லை, இருக்கும் உணவைப் பெறும் தகுதியை இழப்பதால் சாகிறார்கள்.

1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை டெல்லியில் பெரும் ஆடம்பரத்தோடு நடத்தினார் வைஸ்ராய் லிட்டன். அதே மாதம் சென்னை மாகாணத்துக்குப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஒரு சிறு சில்லறை என்ற அளவுக்கு இறக்கினார். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அந்த விவாதம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் மக்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயருக்கு வேண்டுகோள் அனுப்பினார். மேயரின் மாளிகைப் பெயரால் ‘மேன்ஷன் ஹவுஸ் நிதி’ தொடங்கப்பட்டு, பிரிட்டன் முழுவதிலுமிருந்து பல லட்சம் பவுண்டு குவிந்தது. சென்னையில் இந்த நிதியின் செயலராக இருந்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, அடுத்த ஆண்டே பஞ்ச நிவாரணத்தின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். சோறு போடுவது அரசின் வேலை, அதில் நிதி குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால், பணத்தின் பெரும்பகுதி ரயத்துகளுக்கு விதை தானியம், உழவு மாடு, இடிந்த வீட்டைக் கட்ட உதவி என்று போனது. பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் எழுந்து நிற்க எது வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

கொடுக்கவைத்தது எது? படம். ராணுவ அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் சென்னை மாகாணத்தில் எடுத்த பஞ்சப் படங்கள் இன்றும் அருங்காட்சியகத் தொகுப்புகளில் இருக்கின்றன. ஒரு படத்தில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம், குடும்பப் புகைப்படத்துக்கு அமர்வதுபோல் வரிசையாக அமர்த்தப்பட்டிருக்கிறது. விலா எலும்புகளை எண்ணலாம். இடுப்பில் ஒரு முழத் துணி. பார்வை கேமராவை நோக்கியும் நோக்காமலும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். நிற்கக்கூட வலுவில்லாதவர்களை அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்த படம் அது. படம் எடுத்த பிறகு அவர்களுக்கு உணவு தராமலே அனுப்பிவிட்டார் என்று குற்றம்சாட்டியவர்கள் உண்டு. இத்தகைய படங்கள் லண்டன் சித்திரப் பத்திரிகைகளில் செதுக்குப் படங்களாக வந்தன. படத்தில் இருப்பவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரும் இல்லை. வடாற்காட்டுக்காரர்களா, கடப்பைக்காரர்களா என்று சொல்ல ஒரு குறிப்பும் இல்லை.

3. கோரெம் முதல் வெம்ப்ளி வரை

107 ஆண்டுகள் கழித்து நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எத்தியோப்பியாவின் வடக்குப் பகுதியில் வறட்சி முற்றுகிறது என்ற எச்சரிக்கைகள் 1983-இலிருந்தே வந்துகொண்டிருந்தன. உலகம் அசையவில்லை. 1984 செப்டம்பரில் மெங்கிஸ்டு ஹைலே மரியமின் ராணுவ அரசு புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை அடிஸ் அபாபாவில் ஆடம்பரமாகக் கொண்டாடியது. லிட்டனின் தர்பார் நினைவுக்கு வராமல் போகாது. அக்டோபர் 23 அன்று, கோரெம் என்ற ஊரின் நிவாரண முகாமிலிருந்து மைக்கேல் பர்க் அளித்த செய்தியை பிபிசி ஒளிபரப்பியது. காட்சிகளைப் பதிவுசெய்தவர் கென்யக் கேமராக் கலைஞர் முகமது அமீன். விடியலின் மங்கிய வெளிச்சத்தில் கம்பளி போர்த்திய ஆயிரக்கணக்கான உருவங்கள். ஒரே வாரத்தில் உலகத் தொலைக்காட்சிகள் அதை எடுத்துக்கொண்டன.

அதைப் பார்த்த ஐரிஷ் பாடகர் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து நவம்பர் 25 அன்று ‘பேண்ட் எய்ட்’ என்ற பெயரில் பல பாடகர்களைக் கூட்டி ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?’ என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தார். எத்தியோப்பியா உலகின் மிகப் பழைய கிறிஸ்தவ நாடுகளில் ஒன்று என்பதை அந்தப் பாட்டை எழுதியவர்கள் கருதிப்பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் அமெரிக்கப் பாடகர்கள் தங்கள் இசைத்தட்டைப் பதிவுசெய்தார்கள். இந்த அலையின் உச்சமே ஜூலைக் கச்சேரி.

இசை நிகழ்ச்சியாக அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குவீன் குழு மேடையில் நின்ற 21 நிமிடங்கள் ராக் இசை வரலாற்றில் பேசப்படுவது நியாயமே. ஆனால் நம் கேள்விக்கு முக்கியமான நிமிடங்கள் வேறு. மாலையில் டேவிட் போவி, தன் பட்டியலிலிருந்த ஒரு பாட்டைக் கைவிட்டு, ஒரு காணொளியை அறிமுகப்படுத்தினார். கனடாத் தொலைக்காட்சி எடுத்திருந்த பஞ்சக் காட்சிகள், ‘தி கார்ஸ்’ குழுவின் ஒரு காதல் பாட்டோடு இணைக்கப்பட்டிருந்தன. எழுந்து நிற்க முயன்று விழும் குழந்தை, துணி சுற்றிய சின்ன உடல். அதுவரை மந்தமாக இருந்த தொலைபேசி நன்கொடை அதற்குப் பிறகு பாய்ந்தது. அன்று நண்பகலிலிருந்து பாடிய அத்தனை நட்சத்திரங்களாலும் முடியாததை அந்தச் சில நிமிடக் காட்சி செய்தது என்றால், நிதியைத் திரட்டியது இசையா, படமா? படம்தான் என்று நினைக்கிறேன். இசை ஆட்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது. பையைத் திறக்கவைத்தது ஹூப்பரின் கேமரா செய்த அதே வேலை.

வேறுபாடும் உண்டு. மேன்ஷன் ஹவுஸ் நிதிக்கு உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. டிக்பி அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். அவற்றைப் படித்தவர்கள் லண்டன்காரர்களும் சென்னைக் கனவான்களுமே என்றாலும், பணம் எந்தத் தாலுகாவுக்குப் போனது என்று கேட்க ஒரு வழி இருந்தது. 1985-இல் பார்வையாளருக்கும் கோரெமுக்கும் நடுவே செயற்கைக்கோள், வங்கி, அறக்கட்டளை, தொண்டு நிறுவனம், கப்பல், துறைமுகம், ராணுவ அரசு, கிளர்ச்சிப் படை என்று அடுக்கடுக்காக நின்றன.

4. பணம் போன வழி: நடந்த விவாதம்

லைவ் எய்டும் அதைச் சார்ந்த முயற்சிகளும் திரட்டிய தொகை பற்றி 4 கோடி பவுண்டில் தொடங்கி 15 கோடி டாலர் வரை பல கணக்குகள் சொல்லப்படுகின்றன. பேண்ட் எய்ட் அறக்கட்டளை சொந்தமாக லாரிகளை வாங்கியது, கப்பல்களை ஏற்பாடு செய்தது. தானியம் துறைமுகத்தில் தேங்கிக் கிடப்பதைத் தடுக்க இது உதவியது. அந்த அறக்கட்டளை இன்னும் இயங்குகிறது. ஒரு நாள் உணர்ச்சி என்று இதை ஒதுக்குபவர்கள் இந்த உண்மையைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடுமையான விமர்சனம் வேறு திசையிலிருந்து வந்தது. மெங்கிஸ்டு அரசு வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தென்மேற்குக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்தது. கிளர்ச்சியாளர்களின் ஆதரவுத் தளத்தைக் காலிசெய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். உணவு முகாம்கள் ஆள்பிடிக்கும் இடங்களாயின. இதை வெளிப்படையாகக் கண்டித்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 இறுதியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. மற்ற அமைப்புகள் பெரும்பாலும் மௌனமாக இருந்து வேலையைத் தொடர்ந்தன. ‘லைவ் எய்ட்’ உதவியும் இந்தப் பொறியில் சிக்கியது என்று 2005-இல் எழுத்தாளர் டேவிட் ரீஃப் வாதிட்டார். பஞ்சத்தைப் போரின் ஆயுதமாக ஆக்கிய அரசைக் கேள்வி கேட்காமல் சோறு மட்டும் அனுப்புவது அந்த அரசுக்கே தெம்பூட்டும் என்பது அலெக்ஸ் டி வால் போன்ற ஆய்வாளர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது. கெல்டாஃபின் பதில் எளிமையானது: அன்று உதவாவிட்டால் மேலும் பலர் செத்திருப்பார்கள்.

2010 மார்ச்சில் பிபிசி உலகச் சேவை, நிவாரணப் பணம் கிளர்ச்சிப் படைகளின் கைக்குப் போய் ஆயுதமாயிற்று என்று ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. பேண்ட் எய்ட் பணமும் அப்படிப் போனது என்ற எண்ணம் ஏற்படும்படி அது அமைந்ததற்காக அதே ஆண்டு நவம்பரில் பிபிசி மன்னிப்புக் கேட்டது. இந்தச் சர்ச்சையில் எனக்கு முக்கியமாகப் படுவது யார் சொன்னது சரி என்பதல்ல. 25 ஆண்டுகள் கழித்து, லண்டன் ஊடகமும் லண்டன் அறக்கட்டளையும் ஒன்றோடொன்று மோதித்தான் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. கோரெமில் தானியம் வாங்க வரிசையில் நின்ற ஒருவர், என் பெயரில் எத்தனை மூட்டை வந்தது என்று கேட்க எந்த அரங்கமும் ஒருநாளும் இருந்ததில்லை.

5. துண்டேந்திய நடிகர்கள்

1952-இல் சித்தூரை உள்ளடக்கிய ராயலசீமை மீண்டும் பஞ்சத்தில் வாடியது. சித்தூர் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஆந்திரத்தோடு சேர்ந்தது மறு ஆண்டு அக்டோபர் 1-இல். தெலுங்குப் படவுலகமும் சென்னையில்தான் குடியிருந்தது. வளர்ந்துவந்த நடிகரான என்.டி. ராமாராவ் சக கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினார். ஒரு லட்சம் ரூபாய் அளவுக்குச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. தெலுங்கில் ‘ஜோலெ’ பிடிப்பது என்பார்கள், நாம் துண்டேந்துவது என்போம். காசு போடுபவர் நடிகரின் முகத்தை நேரே பார்க்கிறார். நடிகரும் ஒற்றை ரூபாய் போடும் கையைப் பார்க்கிறார். 1977 நவம்பர் 19 அன்று வீசிய புயல் கிருஷ்ணா கரையின் திவிசீமையை அழித்து 10,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, அவரும் அக்கினேனி நாகேஸ்வர ராவும் மீண்டும் தெருவில் இறங்கினார்கள்.

இது தூய தொண்டு, அது விளம்பரம் என்று பிரிக்க வரவில்லை. மேடைப் புகழும் நிவாரணப் பணியும் சேர்ந்தால் அரசியல் முதலாகும் என்பதற்குத் திருப்பதியைவிடச் சிறந்த சான்று இல்லை. 1983 தேர்தலில் ராமாராவ் போட்டியிட்டு வென்ற இரு தொகுதிகளில் ஒன்று திருப்பதி. ரத்த வங்கி வழியே தொண்டிலும் பெயர் பெற்ற நடிகர் சிரஞ்சீவி, 2008-இல் தம் கட்சியைத் தொடங்கிய இடமும், 2009-இல் வென்ற தொகுதியும் திருப்பதிதான். இதில் குறை சொல்ல நான் எதையும் காணவில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் வாக்காளர் கேள்வி கேட்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். வெம்ப்ளியில் பாடியவருக்கும் கோரெமில் பசித்தவருக்கும் இடையே அப்படியொரு கட்டு இல்லை.

தெலுங்குலகில் லைவ் எய்டுக்கு மிக நெருங்கியது 2014-இல் நடந்தது. அக்டோபர் 12-இல் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. நவம்பர் 30 அன்று ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவில் திரையுலகம் முழுவதும் கூடி ‘மேமு சைதம்’ என்ற நாள் முழுவதுமான நேரலை நிகழ்ச்சியை நடத்தியது. பாட்டு, ஆட்டம், கிரிக்கெட், தொலைபேசி நன்கொடை. 11 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டு முதல்வரின் நிவாரண நிதிக்குப் போனது. அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடு சந்திரகிரி அருகே நாராவாரிப்பள்ளியில் பிறந்தவர், குப்பம் தொகுதியின் உறுப்பினர்.

புயல் ஒரே இரவில் வருகிறது, மறுநாள் காலையில் முறிந்த மரமும் கவிழ்ந்த படகும் திரையில் தெரிகின்றன. குப்பம், புங்கனூர், மதனப்பள்ளி பக்கத்து வறட்சி அப்படி வருவதில்லை. மானாவாரி நிலக்கடலை பூத்து, ஊசி இறங்கும் நேரத்தில் மழை நின்றுபோகிறது. ஆழ்துளைக் கிணறு 600 அடி, 800 அடி, 1,000 அடி என்று போய்ப் புழுதியைத் துப்புகிறது. கடன் ஏறுகிறது, மாடு சந்தைக்குப் போகிறது, குடும்பம் பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போகிறது. இதில் எந்த நாளில் கேமராவைக் கொண்டுவந்து நிறுத்துவது? எத்தியோப்பியாவிலும் 1983 முழுவதும் இதே நிலைதான். பிணம் விழுந்த பிறகுதான் படம் கிடைத்தது. தொலைக்காட்சி நிதிக் கச்சேரியின் ஆகப் பெரிய குறை இதுவென்பேன். பணம் சேரும் நேரத்தைத் துன்பத்தின் தேவை தீர்மானிப்பதில்லை, காட்சியின் வலுவே தீர்மானிக்கிறது.

லைவ் எய்ட் மேடையிலேயே இதற்கு ஒரு மாற்று முளைத்தது. பிலடெல்பியாவில் பாட வந்த பாப் டிலன், சேர்ந்த பணத்தில் கொஞ்சம் கடனில் மூழ்கும் அமெரிக்க விவசாயிகளுக்கும் போகலாமே என்றார். கெல்டாஃபுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வில்லி நெல்சன் முதலானோர் அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் இல்லினாய் மாநிலத்தில் ‘ஃபார்ம் எய்ட்’ கச்சேரியை நடத்தினார்கள். அது நின்றுவிடாமல் தொடர்கிறது, விவசாயிகள் அதன் மேடையிலேயே பேசுகிறார்கள். புங்கனூர் விவசாயிக்குப் பொருந்தும் முன்மாதிரி வெம்ப்ளி அல்ல, இதுதான்.

6. இசைத்தட்டும் இலைச்சோறும்

இசையால் தருமம் செய்ய மைதானமும் நேரலையும் தேவையில்லை என்பதைத் திருப்பதி வேறொரு விதத்தில் காட்டியிருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகப் பாடியதிலிருந்து பள்ளி, மருத்துவமனை, கோயில் என்று எண்ணற்ற காரியங்களுக்குப் பாடிக் கொடுத்தார். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் வழங்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் உரிமைத்தொகையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குப் போகும்படி செய்தார். திருப்பதிப் பேருந்து நிலையத்தில் விடியற்காலை முதல் டீ ஆற்றும் கடையில் அந்தக் குரல் ஒலிக்கிறது. கேட்பவர் யாருக்கும் தாம் ஒரு நிதிக் கச்சேரியைக் கேட்கிறோம் என்ற நினைவில்லை.

கொடுத்தவரே இடர்ப்பட்டபோது என்ன நடந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தி. 1970களின் பிற்பகுதியில் எம்.எஸ்.–சதாசிவம் தம்பதி பணநெருக்கடியில் இருந்தார்கள். தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத் பின்னாளில் தம் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். உதவி என்று நீட்டினால் அவர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே 1978-இல் தொடங்கிய அன்னமாச்சார்யா திட்டத்தின் வழியே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. ஐந்து இசைத்தட்டுகளாக ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ பிறந்தது. வாங்குபவரின் மானம் குலையாமல் கொடுப்பது எப்படி என்று யோசித்த ஒரு நிர்வாகம் அங்கே இருந்திருக்கிறது. ‘மீரா’ படத்தில் எம்.எஸ்.ஸோடு ராணாவாக நடித்தவர், சித்தூர் நாடகக் குழுவால் ஊர்ப்பெயரைப் பெற்றவர், சித்தூர் வி. நாகையா. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் வறுமையில் 1973-இல் இறந்தார். அவருக்கு அப்படியொரு கை நீளவில்லை.

1985-க்கு வருவோம். லைவ் எய்டுக்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரல் 6 அன்று, திருமலையில் நித்திய அன்னதானத் திட்டத்தை முதல்வராக இருந்த என்.டி. ராமாராவ் தொடங்கிவைத்தார். 1952-இல் துண்டேந்திய அதே மனிதர். ஒரு நாளைக்கு 2,000 பேருக்கு என்று தொடங்கியது. நன்கொடை வங்கியில் முதலாகக் கிடக்கும். வட்டியில் சோறு வேகும். இன்று அது நாள்தோறும் பல பத்தாயிரம் பேருக்கு இலை போடுகிறது. 2011-இல் திறந்த பெரிய உணவுக்கூடத்துக்குத் தரிகொண்டா வேங்கமாம்பா பெயர். பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்டாவில் பிறந்து, திருமலையில் வருவோர்க்குச் சோறிட்ட 18-ஆம் நூற்றாண்டுப் பெண்கவி அவர்.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. மலையில் போடும் சோறு மலையேறி வருபவருக்கு. கடலை கருகிய ஊரில் அடுப்பு எரியாத வீட்டுக்கு அது இறங்கி வருவதில்லை. நிலையான முதல் என்ற ஏற்பாட்டில் அன்னதானம் வெம்ப்ளியை மிஞ்சுகிறது; பசி இருக்கும் இடத்துக்குத் தேடிப் போவதில் வெம்ப்ளிதான் முன்னே நிற்கிறது.

7. யார் பாடினார்கள்?

லைவ் எய்டின் இரு மேடைகளிலும் எத்தியோப்பியக் கலைஞர் ஒருவரும் பாடவில்லை. கேமரூனைச் சேர்ந்த மனு டிபாங்கோ அதே 1985-இல் ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களைத் திரட்டி எத்தியோப்பியாவுக்காக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது மேற்கில் பெரிதாகக் கேட்கப்படவில்லை. 2005-இல் நடந்த ‘லைவ் 8’ வரிசையில்கூட ஆப்பிரிக்கக் கலைஞர்களில் பெரும்பாலோர் லண்டன் முதன்மை மேடையில் இடம்பெறவில்லை. கார்ன்வாலில் தனி மேடை போடப்பட்டது. 2024-இல் பேண்ட் எய்டின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, ஆப்பிரிக்காவைப் பஞ்ச நிலமாகவே காட்டுவதைப் பிரிட்டன்-கானா கலைஞர் ஃபியூஸ் ஓடிஜி வெளிப்படையாக எதிர்த்தார். முந்தைய பதிப்பில் பாடிய எட் ஷீரன், தம் அனுமதி கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்றார்.

தாது வருஷத்தில் பசித்தவர்களின் பக்கத்திலிருந்து பாட்டு எழுந்தது. பஞ்சக் கும்மிகள் என்று அவற்றைப் புலவர் செ. இராசு தொகுத்துத் தந்திருக்கிறார். ஹூப்பரின் படங்களில் இல்லாதவை அவற்றில் இருக்கின்றன: ஊர்ப் பெயர், தானிய விலை, பதுக்கியவர் மீது கோபம், கஞ்சி ஊற்றியவருக்கு நன்றி. பஞ்சத்தை யார் உண்டாக்கினார்கள், யார் தின்றார்கள் என்று அந்தப் பாடகர்களுக்குத் தெரிந்திருந்தது. வெம்ப்ளியில் அன்று பாடப்பட்ட எந்தப் பாட்டிலும் மெங்கிஸ்டுவின் பெயர் இல்லை.

நிவாரணப் பணத்துக்குக் கணக்கு என்று நான் சொல்வதிலும் பசித்தவரின் இந்தக் குரல் இருக்க வேண்டும். தணிக்கையாளர் கையெழுத்திட்ட அறிக்கை கணக்கின் ஒரு பகுதி. பெற்றவர் எழுந்து, எனக்கு வந்தது இவ்வளவு, வராதது இவ்வளவு என்று ஊர் நடுவே சொல்ல முடிவது அதன் மறுபகுதி. அதற்கு முன்னுதாரணம் ராயலசீமையிலேயே கிடைக்கிறது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று அனந்தபுரம் மாவட்டத்தின் பண்ட்லபள்ளியில் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆந்திரம் சமூகத் தணிக்கையை முறைப்படுத்தியது. ஊரிலிருந்தே தேர்ந்த இளைஞர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். இத்தனை நாள் வேலை செய்தாயா, இவ்வளவு கூலி வந்ததா என்று கேட்டு எழுதுகிறார்கள். பிறகு மண்டலத் தலைமையிடத்தில் ‘பிரஜா வேதிகா’ என்ற பொதுக்கூட்டத்தில், அதிகாரிகள் முன்னிலையில், பெயரும் தொகையும் உரக்கப் படிக்கப்படுகின்றன. செத்தவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் அந்த வீட்டார் எழுந்து சொல்கிறார்கள். முறைகேடு முழுவதும் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை; மீட்கப்பட வேண்டிய தொகையில் பெரும்பகுதி மீட்கப்படாமலே போவதுண்டு. ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர்க்காரர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை ஹைதராபாதிலோ சென்னையிலோ லண்டனிலோ பஞ்சத்துக்கோ புயலுக்கோ மேடை போடுபவர்கள், திரண்ட தொகையை அறிவிக்கும் அதே ஒளிபரப்பு நேரத்தில் ஒரு பங்கை, ஓர் ஆண்டு கழித்து, இப்படியொரு கூட்டத்தை நேரலையாகக் காட்ட ஒதுக்கலாம்.